குழந்தைக்கு 2 வயசாகியும் பேச்சு வரலையா? காத்திருக்க வேண்டாம்! பூதலூர் பால்வாடி முதல் தஞ்சை மருத்துவமனை வரை என்ன உதவி, எங்கே கிடைக்கும்? முழு விவரம்

"அவங்க அப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான். இவனும் பேசிடுவான், விடும்மா..."

பூதலூர், திருக்காட்டுப்பள்ளி, செங்கிப்பட்டி பக்கம் மட்டுமில்லை, டெல்டாவின் எந்த ஊர்த் திண்ணையிலும் கேட்கக்கூடிய வார்த்தை இது. பிள்ளை பேசவில்லை, நடக்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்று அம்மா கவலைப்பட்டால், வீட்டுப் பெரியவர்கள் ஆறுதலுக்காகச் சொல்வது. பல நேரம் அவர்கள் சொன்னபடியே பிள்ளை பேசியும் விடுகிறது.

ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி நடப்பதில்லை. காது கேட்காததால் பேசாத குழந்தையும், ஆட்டிசம் காரணமாகப் பேசாத குழந்தையும், கொஞ்சம் தாமதமாகப் பேசப் போகிற குழந்தையும் 2 வயதில் பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். வித்தியாசம் பரிசோதனை செய்தால்தான் தெரியும். 'பேசிடுவான்' என்று காத்திருக்கும் ஒரு வருஷத்தில் கைநழுவிப் போவது என்ன? அந்த உதவியை யார் தருகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

• குழந்தை வளர்ச்சியில் சந்தேகம் வந்தால் முதல் படி, ஊரில் இருக்கும் அங்கன்வாடியும் கிராம சுகாதார செவிலியரும்தான்.
• பிறந்தது முதல் 18 வயது வரை இலவசமாகப் பரிசோதிக்க ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டம் உள்ளது.
• அங்கிருந்து மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.
• தெரபி தொடங்க, நோயின் பெயர் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.
• தெரபியில் பாதிக்கு மேல் வீட்டில்தான் நடக்கிறது.

ஆரம்பகால தெரபி என்றால் என்ன?

பிறந்த குழந்தை தலை நிமிர்த்துவது, புரள்வது, உட்காருவது, நடப்பது, பேசுவது, மற்றவர்களோடு பழகுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறது. இதை 'வளர்ச்சிப் படிகள்' என்கிறார்கள். இவற்றில் ஒன்றோ பலவோ குறிப்பிட்ட வயதைத் தாண்டியும் வரவில்லை என்றால், அது வளர்ச்சித் தாமதம்.

அப்படித் தாமதம் தெரிகிற குழந்தைக்கு 6 வயதுக்குள், அதிலும் முடிந்தால் 3 வயதுக்குள், பயிற்சியும் சிகிச்சையும் பெற்றோருக்கு வழிகாட்டலும் சேர்த்துத் தருவதுதான் ஆரம்பகால தெரபி. அரசு ஆவணங்களில் இதை 'ஆரம்பநிலை இடையீடு' என்று எழுதுகிறார்கள்.

தெரபி என்றதும் மெஷின், ஊசி, மருந்து என்று பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் விளையாட்டு மாதிரிதான் இருக்கும். பந்தை உருட்டிவிட்டு எடுக்கச் சொல்வது, கண்ணாடி முன் உட்கார்ந்து சத்தம் எழுப்புவது, மணியைக் கோப்பது போன்றவை எல்லாமே தெரபிதான். எதை, எந்த வரிசையில், எத்தனை முறை செய்ய வேண்டும் என்பதில்தான் நிபுணரின் வேலை இருக்கிறது.

6 வயசுக்குள் ஏன் இவ்வளவு அவசரம்?

குழந்தையின் மூளை 2 வயதுக்குள்ளேயே பெரியவர்கள் மூளையின் அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. நரம்பு இணைப்புகள் மிக வேகமாக உருவாவதும் இந்தக் காலத்தில்தான். பயன்படுத்தும் இணைப்பு வலுப்படும், பயன்படுத்தாத இணைப்பு மெல்ல மறையும்.

நாற்றங்காலை நினைத்துப் பார்த்தால் டெல்டாக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். நாற்று பறிக்க ஒரு பருவம் இருக்கிறது. அதைத் தவறவிட்டு முற்றிய நாற்றை நட்டாலும் பயிர் வரத்தான் செய்யும். ஆனால் தூர் கட்டுவது குறையும், செலவும் பாடும் கூடும். 6 வயதுக்குப் பிறகு தெரபி கொடுத்தாலும் பலன் உண்டு. ஆனால் அதே பலனுக்குக் கூடுதல் காலமும் உழைப்பும் வேண்டும்.

காது கேளாமை இதற்குச் சரியான உதாரணம். பிறந்த குழந்தைக்கு 1 மாதத்துக்குள் காது பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதி, 6 மாதத்துக்குள் காதுக் கருவி அல்லது பயிற்சி. '1-3-6' என்று சொல்லப்படும் இந்த விதியை உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். ஒலியே கேட்காமல் முதல் சில வருஷங்கள் போய்விட்டால், பிறகு கருவி பொருத்தினாலும் பேச்சைப் புரிந்துகொள்ள மூளை சிரமப்படும்.

ஜமைக்கா நாட்டில் நடந்த ஆய்வு ஒன்றும் இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 1980-களின் பிற்பகுதியில், கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை போய், வீட்டுப் பொருட்களில் செய்த பொம்மைகளை வைத்து அம்மாவுக்கும் குழந்தைக்கும் விளையாடக் கற்றுக்கொடுத்தார். 2 வருஷம் இது நடந்தது. சுமார் 20 வருஷம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, இந்த விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. இதன் முடிவுகள் 2014-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியாகின.

எந்த வயசில் என்ன செய்ய வேண்டும்?

எல்லாக் குழந்தையும் ஒரே தேதியில் நடக்காது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஒரே மாதத்தைச் சொல்லாமல், ஒரு கால இடைவெளியைச் சொல்கிறது. இந்தியா உட்பட 5 நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்கு இது:

• பிடிமானம் இல்லாமல் உட்காருவது: சுமார் 4 முதல் 9 மாதம்
• கை, முழங்கால் ஊன்றித் தவழ்வது: 5 முதல் 13½ மாதம்
• பிடிக்காமல் நிற்பது: 7 முதல் 17 மாதம்
• தானாக நடப்பது: 8 முதல் 17½ மாதம்

இந்த ஆய்வில் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் தவழாமலேயே நேராக நடந்துவிட்டன. எனவே 'தவழவே இல்லையே' என்று அதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம். ஆனால் 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்:

• 3 மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை
• 5 மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை
• 9 மாதம் ஆகியும் உட்காரவில்லை
• 1 வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, 'டாட்டா' காட்டுவதில்லை, விரலால் எதையும் சுட்டிக்காட்டுவதில்லை
• 1 வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, மற்றொரு கை இறுகியே இருக்கிறது
• 16 மாதம் ஆகியும் ஒரு வார்த்தைகூட இல்லை
• 2 வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' போல இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வதில்லை
• எந்த வயதாக இருந்தாலும், ஏற்கெனவே பேசியதையோ செய்ததையோ குழந்தை மறந்துவிடுகிறது

கடைசி அறிகுறிதான் மிக முக்கியம். வந்த பேச்சு நின்று போனால், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். 2 மாதம் முன்பே பிறந்திருந்தால், வயதில் அந்த 2 மாதத்தைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். 2 வயது வரை இப்படிக் கணக்கிடுவது வழக்கம்.

பக்கத்து மாநிலம் தந்த எளிய அட்டை

இதைப் பரிசோதிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை என்று காட்டியது கேரளா. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கிய 'திருவனந்தபுரம் வளர்ச்சிப் பரிசோதனை அட்டை' 1991-ல் வெளியானது. 2 வயது வரையிலான குழந்தைகளுக்கு அதில் 17 செயல்கள் மட்டுமே உள்ளன. குழந்தையின் வயது இருக்கும் இடத்தில் ஒரு பென்சிலை நேராக வைத்து, அதற்கு இடதுபக்கம் முடிந்திருக்கும் செயல்களை எல்லாம் குழந்தை செய்கிறதா என்று பார்த்தால் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பின்னர் இது 6 வயது வரைக்கும் விரிவாக்கப்பட்டது.

கர்ப்ப காலத்தில் கொடுக்கப்படும் தாய் சேய் நல அட்டையிலும் வளர்ச்சிப் படிகள் படத்தோடு இருக்கின்றன. பல வீடுகளில் தடுப்பூசித் தேதி பார்க்க மட்டும் அதைத் திறக்கிறார்கள். அடுத்த முறை அந்தப் பக்கத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

• குறைமாதத்தில் அல்லது மிகக் குறைந்த எடையில் பிறந்தவர்கள்
• பிறந்ததும் அழாத குழந்தைகள், இன்குபேட்டரில் அதிக நாள் இருந்தவர்கள்
• கடுமையான மஞ்சள் காமாலை அல்லது வலிப்பு வந்தவர்கள்
• நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்த பெற்றோரின் குழந்தைகள்
• குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாமை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள்

மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் உறவில் திருமணம் செய்வது தமிழ்நாட்டில் சகஜம். இதனால் எல்லாக் குழந்தைகளுக்கும் பாதிப்பு வந்துவிடாது. ஆனால் சில மரபணுக் குறைபாடுகளுக்கான வாய்ப்பு கூடும் என்பது உண்மை. யாரையும் குற்றம் சொல்ல இது தேவையில்லை. பரிசோதனையை முன்கூட்டியே செய்யத்தான் தேவை.

34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 1 மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். இதைத் தவறவிட்டால், தடுத்திருக்கக்கூடிய பார்வையிழப்பு நேரலாம்.

முதல் கதவு: பால்வாடி

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருபவை இவை. பலருக்கு இது 'சத்துமாவு, முட்டை கொடுக்கும் இடம்'. ஆனால் வளர்ச்சித் தாமதத்தை முதலில் கவனிக்க வாய்ப்புள்ள இடமும் இதுதான்.

காரணம் எளிது. வீட்டில் ஒரே குழந்தையைப் பார்க்கும் அம்மாவுக்கு ஒப்பிட ஆள் இல்லை. பால்வாடி டீச்சர் ஒரே வயதில் பத்துப் பதினைந்து பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறார். எல்லோரும் பாட்டுக்குக் கைதட்டும்போது ஒரு பிள்ளை மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அவர் கண்ணில் படும். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் தமிழ்நாடு அங்கன்வாடிகளில் பயன்படுத்தப்படும் முன்பருவக் கல்விப் பாடத்திட்டமே பாட்டு, கதை, விளையாட்டு வழியாகத்தான் அமைந்திருக்கிறது.

2023 நவம்பரில் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி அங்கன்வாடிப் பணியாளர் 3 விஷயங்களைச் செய்ய வேண்டும். ஒன்று, அறிகுறிகளைச் சீக்கிரம் கண்டறிவது. இரண்டு, அந்தக் குழந்தையையும் மற்ற பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டு குடும்பத்துக்குத் துணை நிற்பது. மூன்று, மருத்துவக் குழுவிடம் அனுப்பி வைப்பது.

'நடக்க முடியாத பிள்ளை, கொண்டுபோய் விட்டால் தொந்தரவு' என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமே தேவையில்லை. குறைபாடு உள்ள குழந்தைக்கும் அங்கன்வாடியில் இடம் உண்டு.

இரண்டாவது கதவு: ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு

'ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்' எனும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகிய 4 வகைகளில் பிரச்னைகளைக் கண்டறிவது இதன் வேலை.

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய நடமாடும் குழு ஊர் ஊராக வரும். திட்டத்தின் விதிப்படி அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு 2 முறை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் வருஷத்துக்கு 1 முறை பரிசோதனை நடக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு ஓட்டை இருக்கிறது. பிள்ளையை 3 வயதிலேயே தனியார் பள்ளி வேனில் ஏற்றி எல்.கே.ஜி.க்கு அனுப்பும் குடும்பங்கள் கிராமங்களிலும் கூடிக்கொண்டே போகின்றன. அந்தக் குழந்தைகள் அங்கன்வாடியிலும் இல்லை, அரசுப் பள்ளியிலும் இல்லை. குழு ஊருக்கு வந்தாலும் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். எனவே தனியார் பள்ளியில் படிக்கும் குழந்தையின் பெற்றோர், குழு எந்தத் தேதியில் வருகிறது என்று பால்வாடி டீச்சரிடமோ நர்சக்காவிடமோ கேட்டு, அன்றைக்குக் குழந்தையை நேரில் அழைத்துப் போகலாம்.

குழந்தைகளை வருஷத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவே சொல்கிறது. கேட்பது சலுகை இல்லை, உரிமை.

மூன்றாவது கதவு: தஞ்சாவூர்

குழு சந்தேகப்படும் குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள். டி.இ.ஐ.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பூதலூர்க்காரர்களுக்கு என்றால் தஞ்சாவூர்தான். நகருக்குள் இருக்கும் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனை, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. அங்குள்ள குழந்தைகள் நலப் பிரிவில் பரிந்துரைச் சீட்டைக் காட்டி விசாரித்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். சீட்டு இல்லாமல் நேரில் போனாலும் குழந்தைகள் மருத்துவரைப் பார்க்கலாம்.

இந்த மையங்களின் சிறப்பு, பல நிபுணர்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. யார் என்ன செய்வார்கள்?

• பிசியோதெரபிஸ்ட்: உட்காருவது, நிற்பது, நடப்பது, தசை இறுக்கம்
• ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: கைவிரல் வேலை, தானே சாப்பிடுவது, உடை போடுவது, சத்தம், தொடுதலுக்குப் பயப்படுவது
• ஸ்பீச் தெரபிஸ்ட், ஆடியாலஜிஸ்ட்: பேச்சு, காது, மென்று விழுங்குவது
• உளவியலாளர்: அறிவு வளர்ச்சி, ஆட்டிசம், நடத்தை தொடர்பான மதிப்பீடு
• சிறப்பாசிரியர்: கற்றல், பள்ளிக்குத் தயார்படுத்துவது
• கண் பரிசோதகர், சமூகப் பணியாளர்: பார்வை, குடும்பத்துக்கான வழிகாட்டல்

பேச்சு வரவில்லை என்று போகும் எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. 'கதவு சாத்தினா திரும்பிப் பார்க்கிறானே, காது நல்லாத்தான் கேட்குது' என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட முடியாது. அதிர்வை உணர்ந்தும் குழந்தை திரும்பலாம். சில குழந்தைகளுக்குக் கனத்த சத்தம் மட்டும் கேட்கும், பேச்சுச் சத்தம் தெளிவாகக் கேட்காது.

காது கேளாத குழந்தைக்கு, தகுதி இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. 6 வயது வரம்பு இருப்பதால் இங்கேயும் காலதாமதம் கூடாது. அறுவை சிகிச்சை முடிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. அதன் பிறகு தொடர்ச்சியான பேச்சுப் பயிற்சி கொடுத்தால்தான் பலன்.

உண்மையான சிக்கல்: 20 கிலோமீட்டர்

காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எங்கே அறுந்து போகிறது?

பூதலூரில் இருந்து தஞ்சாவூர் சுமார் 20 கி.மீ. தஞ்சை - திருச்சி ரயில் பாதையில் இருக்கும் ஊர் என்பதால் பூதலூர்க்காரர்களுக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. ஆனால் கல்லணைப் பக்கமோ, உள்ளே தள்ளி இருக்கும் சிற்றூரிலோ இருந்து வருபவர்களுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நடக்க முடியாத 4 வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், காத்திருந்து, முக்கால் மணி நேரத் தெரபி முடித்துத் திரும்பினால் அந்த நாளே போய்விடும். அம்மா நடவுக்கோ, நூறுநாள் வேலைக்கோ போகிறவர் என்றால் அன்றைய கூலியும் போச்சு. வாரம் 2 முறை இப்படி என்றால் எத்தனை குடும்பத்தால் தாக்குப்பிடிக்க முடியும்?

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, குறுவை, சம்பா வேலை தொடங்கிவிட்டால் வீட்டில் யாருக்கும் நேரம் இருக்காது. தெரபி விட்டுப்போவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மை மட்டும் காரணமில்லை. இந்தக் கணக்கும்தான் காரணம்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது.

தென்காசி ஆய்க்குடி சொல்லும் வழி

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இருக்கிறது அமர் சேவா சங்கம். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் தொடங்கிய அமைப்பு இது. பின்னர் தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பட்டயக் கணக்காளர் எஸ்.சங்கரராமனும் சேர்ந்துகொண்டார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கிராமத்துக் குழந்தைகளுக்கு நிபுணர்கள் கிடைப்பதில்லை, நிபுணர் இருக்கும் ஊருக்குக் குழந்தைகளால் வர முடிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அவர்கள் ஒரு பாலம் போட்டார்கள். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மறுவாழ்வுப் பணியாளர்களாக்கி, குழந்தையின் வீட்டுக்கே அனுப்பினார்கள். அவர்கள் கையில் ஒரு மொபைல் செயலி. குழந்தையின் முன்னேற்றத்தை அதில் பதிவு செய்தால், பிசியோ, ஸ்பீச், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைத் திட்டமிடுவார்கள். நிபுணர் எல்லா வீட்டுக்கும் போக வேண்டாம். குழந்தையும் வாராவாரம் பஸ் ஏற வேண்டாம்.

சென்னையிலும் இப்படி முன்னோடிகள் உண்டு. காது கேளாத சிறு குழந்தைகளுக்காக 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குப் பிறந்தது முதலே பயிற்சி தர 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் ஆகியவை அம்மாவையே முதல் ஆசிரியராக்கும் முறையைப் பின்பற்றுகின்றன.

பூதலூர்க்காரர்களுக்கு இதில் கிடைப்பது என்ன? வாரம் 2 முறை தஞ்சைக்குப் போக முடியாவிட்டால், 'மாசம் ஒரு தடவை வர்றோம், வீட்ல செய்யறதுக்குச் சொல்லிக் கொடுங்க' என்று தெரபிஸ்ட்டிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். அவர் செய்துகாட்டும் பயிற்சியை அனுமதி கேட்டு மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளலாம். அடியோடு விட்டுவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒன்றியத்துக்குள்ளேயே என்ன உண்டு?

• ஒன்றிய வள மையம்: தஞ்சை மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் பூதலூரும் ஒன்று. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒன்றிய வள மையங்களில் உள்ளடங்கிய கல்விக்கான சிறப்பாசிரியர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள் பணியாற்றுகிறார்கள். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டுவழிப் பயிற்சியும் உண்டு. அருகில் உள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டாலே தொடர்பு கிடைக்கும்.
• மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபி சேவை உள்ளது.
• விழுதுகள்: உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இவை. பல வகைத் தெரபிகளை ஒரே கூரையின் கீழ் தருவது நோக்கம்.

எங்கே கேட்பது என்றே தெரியவில்லையா? 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்யலாம்.

அடையாள அட்டை எடுத்தால் பிள்ளைக்குப் பெயர் கெட்டுவிடுமா?

பல வீடுகளில் இந்தத் தயக்கம் உண்டு, பெண் குழந்தை என்றால் இன்னும் அதிகம். ஆனால் மாற்றுத்திறனாளிக்கான யு.டி.ஐ.டி. அட்டை இருந்தால்தான் பல உதவிகளுக்கு விண்ணப்பிக்க முடியும். 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு எல்லாம் அதில் அடக்கம்.

• கடும் பாதிப்பு உள்ள குறிப்பிட்ட பிரிவினருக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2023 ஜனவரியில் இது 1,500-ல் இருந்து உயர்த்தப்பட்டது.
• ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான இதில் தெரபி செலவுக்கும் பணம் பெறலாம்.
• சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளியோடு துணைக்கு வருபவருக்கும் கட்டணமில்லை.

முக்கியமாக ஒன்று: தெரபி தொடங்க இந்த அட்டை தேவையில்லை. முதலில் தெரபி, பிறகு அட்டை.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

விலை உயர்ந்த பொம்மை எதுவும் வேண்டாம்.

• தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை: ஆட்டிவிட்டு, குழந்தையின் கண் அதைத் தொடர்கிறதா என்று பார்க்கலாம். தள்ளிவிட்டு 'இப்ப நீ தள்ளு' என்று மாறி மாறி விளையாடினால், முறை வரும்வரை காத்திருக்கும் பழக்கமும் வரும்.
• கொட்டாங்குச்சியும் மணலும்: நிரப்பி, கொட்டி, மறுபடி நிரப்புவது கைவிரலுக்கும் தோளுக்கும் நல்ல பயிற்சி.
• சமையல் நேரம்: 'தக்காளி எடுக்கிறேன், கழுவுறேன், நறுக்குறேன்' என்று செய்வதை எல்லாம் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே வேலை பார்க்கலாம்.
• கேட்டதும் கொடுக்காதீர்கள்: குழந்தை தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தால் உடனே கொடுக்காமல், 'என்ன வேணும்?' என்று கேட்டு 5 நொடி காத்திருங்கள். சைகை காட்டினாலும் பாராட்டிவிட்டு 'தண்ணி' என்று சொல்லிக் கொடுங்கள்.
• தாத்தா பாட்டி பங்கு: கை வீசிப் பாடுவது, மடியில் சாய்ந்தாட வைப்பது, கதை சொல்வது எல்லாமே பேச்சுப் பயிற்சிதான்.

புளியங்கொட்டை, சோழி போன்ற சின்னப் பொருட்களை 3 வயதுக்குள் தனியாக விளையாடக் கொடுக்க வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு.

மொபைல்? 2 வயதுக்குள் அறவே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம் என்கிறது இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம். மொபைல் பார்ப்பதுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திரையில் போகும் நேரம், மனிதர்களோடு பேசிப் பழகும் நேரத்தில் இருந்துதான் கழிகிறது.

நம்ப வேண்டாம்!

• 'தடுப்பூசி போட்டதால்தான் ஆட்டிசம்': தவறு. அப்படிச் சொன்ன 1998-ம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.
• 'ஸ்டெம் செல் சிகிச்சையில் ஆட்டிசம் குணமாகும்': ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கப்படவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெளிவுபடுத்தியது. நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் யோசிக்க வேண்டும்.
• 'அம்மா சரியாகக் கவனிக்காததால்தான் இப்படி': தவறு. ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ வளர்ப்பால் வருவதில்லை.
• 'தெரபி போனால் முழுசாகச் சரியாகிவிடும்': எல்லோருக்கும் இல்லை. சில குழந்தைகள் சக வயதினரை எட்டிப்பிடிப்பார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படும். அவர்களிலும், தானே சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போகச் சொல்வது, தனக்கு வேண்டியதைச் சைகையிலாவது கேட்பது என்ற முன்னேற்றம் குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றிவிடும்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால்?

சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம். போனது ஒரு நாள்தான். 'அவங்க அப்பன் மாதிரி லேட்டா பேசுவான்' என்று பாட்டி சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பாட்டியும் மருத்துவரும் சேர்ந்து சொல்லட்டும். பாட்டி மட்டும் சொல்லி, அது தப்பாகிப் போனால் அந்த விலையைக் கொடுக்கப் போவது குழந்தை.

நாளைக்குக் காலையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு, குழந்தையோடு பால்வாடிக்குப் போய், "டீச்சர், இவன் வயசுக்கு எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க. டாக்டர் டீம் எப்ப வருவாங்க?" என்று கேட்பது.